தொப்பியோடு வந்த குழுத் தலைவர்

லொரெட்டா பிஸ்கப் சட்டசபைக்கு வருவதற்கு முன் ராணுவத்தில் லாரி பழுதுபார்த்தவள். மக்கர் பண்ணும் எதைக் கண்டாலும் அவளால் சும்மா இருக்கமுடியாது. இப்போது மக்கர் பண்ணியது அவளுடைய மசோதா. படைவீரரின் கணவனோ மனைவியோ வேறு மாநிலத்தில் வாங்கிய தொழில் உரிமம் தங்கள் விஸ்கான்சின் மாநிலத்திலும் செல்ல வேண்டும், அவ்வளவுதான் அதில். அவள் புருஷன் டேல் முடிதிருத்துபவன். அவளுக்கு மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் கூடவே போய், ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாகப் பரீட்சை எழுதினான். எல்லை தாண்டினால் மனுஷனுக்குத் தலைமுடி வேறு மாதிரியா முளைக்கும்?

மசோதாவைப் பரிசீலிக்கும் சட்டசபைக் குழுவின் தலைவர் ஆர்வில் ஹாக்ஸ்டெட் அதை ஊறப்போட்டிருந்தார். திங்கட்கிழமை விவாதத்துக்கு எடுக்காவிட்டால் அதற்குச் சங்குதான். லொரெட்டா அவரை முன்னாள் படைவீரர் மன்றத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு அழைத்தாள்.

மனிதர் தலையில் தொப்பியோடு நுழைந்தார். மன்றத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பார் மேசைக்குப் பின்னாலிருந்த கிழவர் வால்ட் மணியை அடிக்க, கூடமே கைதட்டியது.

"தொப்பியோட வந்தா எல்லாருக்கும் பீர் வாங்கித் தரணும், தலைவரே."

"நான் குடிக்கிறதும் இல்ல, குடிக்க வைக்கிறதும் இல்ல," என்றார் ஆர்வில்.

"அப்ப அடுப்படிக்குப் போங்க. மீன் பொரிக்க ஆள் இல்ல."

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே, லொரெட்டா."

"மறந்தே போச்சுங்க," என்றாள், எதையுமே மறக்காத அந்த மகராசி.

ஆர்வில் மாவில் தோய்த்த மீனை எண்ணெயில் போட்டார் என்பதைவிட எறிந்தார் என்பதே சரி. எண்ணெய் தெறித்து மணிக்கட்டு சிவந்தது. பக்கத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த மரிசோல் என்ற இளம்பெண், அவர் கையை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள்.

"ஐஸ் வைக்கலாமேம்மா?"

"வெச்சா தோலுக்கு இன்னும் கெடுதல். அசையாம நில்லுங்க. குழந்தைங்களே உங்களுக்குத் தேவல."

"கைராசிக்காரியா இருக்கியே. எந்த ஆஸ்பத்திரி?"

"எங்கயும் இல்ல. கலிஃபோர்னியாவுல நர்ஸா இருந்தேன். பட்டாளத்துல வீட்டுக்காரரை இங்க மாத்திட்டாங்க. இங்க என் உரிமம் செல்லாதாம். அடுத்த வாரம் பிள்ளைங்களோட எங்கம்மா வீட்டுக்கே போறேன். அவர் இங்க தனியா கிடக்கணும்."

பக்கத்து அடுப்பில் லொரெட்டா கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். தயாராக வைத்திருந்த பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டாள்.

"செல்லாதுன்னு எந்த மடையன் சொன்னான்?" என்றார் ஆர்வில்.

மரிசோல் தீப்புண்ணின்மேல் சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றினாள். "நீங்கதாங்க."

ஆர்வில் காது மடல்வரை சிவந்துபோனார். கோபமா வெட்கமா என்று தெரியாமல் லொரெட்டா கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கட்கிழமை காலையில மொத மசோதா உன்னோடது, லொரெட்டா," என்றார் கடைசியில். "என் ஓட்டும் அதுக்குத்தான்."

மரிசோல் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியின் முனையைச் செருகினாள்.

"வியாழக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்க, கட்டு மாத்தணும். நான் ஊர்லதான் இருப்பேன்."