மூடச் சொல்ல ஆளில்லாத வால்வு

1.
இந்தக் கதை எனக்கு சமாதானபுரம் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. சொன்னவள் சங்கரி, எங்கள் தெருப் பெண், இன்ஜினியர். பாதி சொல்வதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. மீதியை நான்தான் எழுத வேண்டும். எனக்கோ வீட்டில் ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது.

2.
"1996ஆம் ஆண்டின் ஓர் இளங்காலையில், தாமிரபரணியின் சலசலப்பினூடே..."

[வேண்டாம். அன்று சலசலத்தது குழாய்.]

மறுபடி: பாளையங்கோட்டையில் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் கலர் சோடா கம்பெனி. புட்டி கழுவும் எந்திரத்துக்கு சங்கரி பி.எல்.சி. வைத்தாள். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று உத்தரவு போடும் பெட்டி அது. கழுவும் வேலையை சப்ரொட்டீனாகத் தனியே எழுதியிருந்தாள்.

(சப்ரொட்டீன், கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். கூப்பிடாவிட்டால் எட்டிக்கூடப் பார்க்காது. என் மைத்துனன் கூப்பிட்டாலும் வரமாட்டான், அது வேறு கதை.)

சுவிட்சைப் போட்டார்கள். தண்ணீர் வந்தது. அணைத்தார்கள். அப்போதும் வந்துகொண்டே இருந்தது.

3.
ஃபிட்டர் பீர் முகம்மது ஸ்பேனரோடு வால்வின் கீழே உட்கார்ந்தார்.

"ஏலே பீரு, நீ மாட்டுன வால்வுதான? மூட மாட்டேங்கு!"

"நல்லாத்தான் மாட்டினேன் அண்ணாச்சி. இதுக்கு மேல இறுக்குனா பைப்பு கையோட வந்துரும்."

"நாளையில இருந்து இங்கன வராத." அண்ணாச்சி சங்கரி பக்கம் திரும்பினார். "நீ பயப்படாத தாயி, உன் பெட்டி தங்கம்லா."

அப்போதுதான் சங்கரிக்கு உறைத்தது. 'வால்வை மூடு' என்ற வரியையும் சப்ரொட்டீனுக்குள்ளேயே எழுதியிருந்தாள். சுவிட்சை அணைத்ததும் அதைக் கூப்பிடுவது நின்றுபோனது. மூடச் சொல்ல ஆளில்லை. கடைசியாகக் கேட்ட 'திற'வோடு வால்வு அப்படியே கிடந்தது.

சொன்னால், அண்ணாச்சி மெட்ராஸில் இருக்கும் அவள் கம்பெனிக்கு ஒரு போன் போடுவார், அவள் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பீர் முகம்மதுவின் வேலை. எனக்கு அவள்மேல் கோபமாக வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

4.
முடிவு அ: "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி" என்கிறாள். அண்ணாச்சி கண் கலங்கிப் பாராட்டு...

[அடித்துவிட்டேன். எனக்கு அண்ணாச்சியைத் தெரியும்.]

முடிவு ஆ: சத்தமில்லாமல் அந்த வரியை சப்ரொட்டீனுக்கு வெளியே எடுத்துப் போடுகிறாள். தண்ணீர் நிற்கிறது. "பாத்தியளா அண்ணாச்சி!" என்று பீர் முகம்மது ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுகிறார். "அப்போ இவ்வளவு நேரம் நீ சரியா இறுக்கலைலா? போலே வெளிய!"

முடிவு இ: சங்கரி வாயைத் திற

5.
அவளிடமே கேட்கலாம்தான். 'முடிவு ஆ'தான் நடந்தது என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஆகவே இங்கே எழுதுவதை நிறுத்துகிறேன். நிறுத்தியதும் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். பீர் முகம்மது நனைந்தபடி இறுக்கிக்கொண்டே இருக்கிறார். அவரை எழுந்திருக்கச் சொல்ல வேண்டியது இனி நீங்கள்தான்.