இரண்டு சூரியன் தெரு

அண்ணி பத்து வருஷமாக வீடியோ கேமுக்கு வீடு வரைகிறவள். சுவர், ஜன்னல், கதவு எல்லாம் கையால் வரைந்த ஓவியமாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற அலுவலகம் அது. அங்கே அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான், தான் பொறுப்பு என்று மேனேஜரிடம் சொல்லி, கணவனின் தங்கையை மூன்று மாதச் சோதனை வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

வந்தவளோ ஆமை. அலுவலகமே அந்தப் பெயரை வைத்துவிட்டது. மற்றவர்கள் ஒரு தெருவை முடிக்கிற நேரத்தில் இவள் ஒரு ஜன்னல் சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். கேட்டால் சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும். சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. மூன்று மணிக்கு அவள் தெருவைப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று மேனேஜர் சொல்லிவிடுவார்.

இரண்டு மணிக்கு நாத்தனார் சாப்பிடப் போன நேரம், அண்ணி கணினியில் அவள் படத்தைத் திறந்தாள். அடக் கடவுளே! செங்கல் இருந்தது, ஜன்னல் இருந்தது, அழுத்தமாக ஒரு நிழல் இல்லை. மூன்று மாதமாக இதைத்தான் வரைந்தாளா? வீட்டில் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? யாரையும் கேட்கவில்லை. திரையில் வரைகிற பேனாவை எடுத்தாள், இடப்பக்கமிருந்து வெயில் அடிப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலுக்கும் வலப்பக்கம் கனமாக நிழல் போட்டாள். அரை மணியில் சுவர் எழுந்து நின்றது. சேமித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் தன் நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் பெரிய திரையில் தெரு விரிந்தது. இரண்டு வீடு தாண்டியதும் மேனேஜர் நின்றார்.

"ஏம்மா, இந்தத் தெருவுக்கு ரெண்டு சூரியனா?"

அண்ணிக்குப் பகீரென்றது. வீட்டின் இடப்பாதியை மட்டும்தான் இங்கே வரைவார்கள். வலப்பாதி, அதையே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி ஒட்டுவது. அந்த ஒரு வீட்டையே நாற்பது தடவை வரிசையாக வைத்தால் தெரு. இடப்பாதியில் நிழல் வலப்பக்கம் விழுந்தால், திருப்பிய பாதியில் இடப்பக்கம் விழும். நாற்பது வீட்டிலும் இரண்டு பக்கத்து நிழலும் வாசலை நோக்கி முட்டிக்கொண்டு நின்றன. முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடத்தில் பத்து வருஷக்காரி கோட்டை விட்டிருந்தாள்.

நாத்தனார் திரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மன்னித்துவிடும்படி மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். அவரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணியின் மானம் தப்பும். அவளால் முடியவில்லை.

"சார், அந்த நிழல் அவ போட்டதில்ல. அவ சாப்பிடப் போனப்போ நான் போட்டேன். பழைய படத்தத் தொறங்க."

பழைய படம் சர்வரில் பத்திரமாக இருந்தது. தெரு மறுபடி விரிந்தது. ஒவ்வொரு செங்கல்லின் மேல் விளிம்பிலும் துளி மஞ்சள், அடியில் லேசான நீலம், தரையை நெருங்க நெருங்கச் சுவர் மங்கிக்கொண்டே போனது. வெளிச்சம் மேலிருந்து மட்டும் இறங்கியதால், திருப்பிப் போட்ட பாதி எது என்றே தெரியவில்லை. எந்தக் கல்லும் முந்திக்கொண்டு கண்ணைப் பிடிக்காததால், ஒரே சுவர் நாற்பது தடவை வந்திருப்பதும் உறைக்கவில்லை. தனியாகப் பார்த்தபோது சப்பென்றிருந்த சுவர், தெருவாக நின்றபோது உள்ளே போய்க் குடியிருக்கலாம்போல இருந்தது. அண்ணிக்குப் பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. என்ன கைடா சாமி இது!

மேனேஜர் ஆமையை வைத்துக்கொண்டார். அடுத்து ஓர் அரண்மனை வரப்போகிறது. அதன் முதல் சுவரை ஒருவர் வரைவார், மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். பத்து வருஷமாக அந்த முதல் சுவர் அண்ணியுடையது. எந்தத் தேதிக்குள் முடியும் என்று வழக்கம்போல அவளிடமே கேட்டார்.

"அவ வரையட்டும் சார்," என்றாள் அண்ணி. "நான் அதப் பாத்து வரையறேன்."