ரெங்காஸ் விறகு

மலாயாவில், லாபிஸ் ரயில் தடத்துக்கு மேற்கே இருந்த ரப்பர் தோட்டம் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், தன் எல்லையை ஒட்டிய காட்டில் நாற்பது ஏக்கரை அழித்தது. மரம் வெட்ட வந்தவர்கள் பக்கத்துக் கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர்கள், பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவர் சூலோங் என்ற நரைத்த மனிதர். பலகைக்கு ஆகிற மரம் போக மிச்சமெல்லாம் கிடந்து மக்கத்தான் போகிறது, வேண்டுகிறவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்களுக்கு அதைவிட நல்ல செய்தி அந்த வருஷத்தில் வரவில்லை. ரப்பர்ப் பால் மரத்தில் ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம். வேலை முடிந்து காட்டோரம் போய், அட்டைக்குக் காலைக் கொடுத்துவிட்டு, ஈரச் சுள்ளி பொறுக்கி வந்துதான் அவர்கள் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சூலோங் சொன்னதைத் தமிழில் சொன்னவள் அங்கம்மா. கணவன் காய்ச்சலில் போனபின் சிகாமட்டில் ஒரு மலாய்க் குடும்பத்துக்கு ஆறு வருஷம் சமைத்துப் போட்டவள். அங்கே பிடித்த பாஷை இந்தத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்திருந்தது. கங்காணி வீரமுத்து வெட்டுக்காரர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் அவளைக் கூட்டிப் போவார். அன்றைக்குப் பால் வெட்டாமலே கூலிக் கணக்கில் அவளுக்குப் பேர் விழும்.

வெட்டு முடிகிற சமயம் சூலோங் அவர்கள் இருவரையும் காட்டுக்குள் அழைத்துப் போனார். பதினைந்து இருபது அடிமரங்கள் தனியாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. அடிப்பட்டையில் கசிந்த பால் தார் போலக் கறுத்து உறைந்திருந்தது. அறுத்த முகம் மாட்டிறைச்சி மாதிரி சிவப்பு. இது ரெங்காஸ் என்றார் சூலோங். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை கறுத்துச் சுருங்கியிருந்த தோலைக் காட்டினார். இதை வெட்டும்போது தன் ஆட்கள் உடம்பெல்லாம் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள், இனி தொடமாட்டார்கள், இங்கேயே மக்கட்டும் என்றார். எரிக்கக் கூடாது, காய்ந்தாலும் எரிக்கக் கூடாது, புகை பட்டாலே போதும் என்று இரண்டு முறை சொன்னார். அங்கம்மா ஒரு வார்த்தை விடாமல் கங்காணிக்குச் சொன்னாள்.

கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. கன்று நட இடம் மாசக் கடைசிக்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. புகை பங்களாவுக்குப் போகும் என்பதால் வெட்டிய இடத்திலேயே கொளுத்தவும் கூடாது. சூலோங் நகர்ந்ததும் வீரமுத்து வெற்றிலைச் சாற்றைக் கட்டைமேலேயே துப்பினார்.

"காட்டுக்காரன் எதுக்கும் ஒரு பயங்காட்டி வச்சிருப்பான். ரெண்டு மாச வெயில்ல காய்ஞ்ச கட்டையில விஷம் எங்க இருக்கப்போவுது? இத லயத்துல போயி உளறாத, அங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"சரிங்கய்யா," என்றாள் அங்கம்மா.

அந்த வாரம் புதிதாகக் கப்பலில் வந்திருந்த இருவரை விட்டுக் கங்காணி அந்த மரங்களை அறுக்கச் சொன்னார். பட்டையை உரித்ததும் சுண்ணாம்புக் கோடுகளும் போய்விட்டன. அறுத்தவர்களில் ஒருவனுக்குக் கை இரண்டும் வீங்கின. கம்பளிப்பூச்சி என்று கங்காணி சொல்ல, அவனும் அப்படியே நம்பினான். பிறகு பெண்களைக் கூப்பிட்டு, உங்களுக்காகத்தான் இவ்வளவு பாடு, தூக்கிப் போங்கள் என்றார். இரண்டு நாளில் இடம் சுத்தமாகிவிட்டது. ஒருவருக்கும் கூலி இல்லை. தலைச்சுமையாய்ச் சுமந்தவர்களே அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார்கள்.

அங்கம்மாவும் சுமந்தாள். காய்ந்ததில் விஷம் இருக்காது என்று நடக்கும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் சும்மாட்டின்மேல் இருந்ததெல்லாம் வேறு குவியலின் வெளுத்த கட்டைகள். சிவப்பில் ஒரு சிராய்கூட அவள் எடுக்கவில்லை. பக்கத்து அறைப் புஷ்பவள்ளி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, உளுத்ததா பாத்துப் பொறுக்குறீங்க? இது எரிஞ்சா நின்னு எரியும் போல இருக்கு."

எனக்கு இது போதும் என்று அங்கம்மா சொன்னாள்.

புஷ்பவள்ளிக்கு நாலு மாதப் பெண் குழந்தை. அவள் புருஷன் ஐயாசாமி பால் கொட்டகையில் வேலை செய்தான். அவர்கள் அடுப்பில் சிவப்புக் கட்டை எரியத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை புஷ்பவள்ளிக்குக் கண் திறக்கவில்லை. இமைகள் பன்றி வயிறு போல உப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்திலும் கழுத்திலும் கொப்புளம். சொறிந்த இடமெல்லாம் மஞ்சளாய் நீர் வடிந்து, காய்ந்து, பொருக்குக் கட்டி, அதன் அடியிலிருந்து மறுபடி வடிந்தது. குழந்தைக்குத் தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் வழன்றது. முலைக்காம்பைச் சுற்றியும் கொப்புளம் இருந்ததால் பால் கொடுக்க முடியாமல் தாய் அலற, பால் கிடைக்காமல் பிள்ளை அலறியது. அந்த வரிசையில் பதினோரு வீடுகளில் இதே கதி.

அங்கம்மா துணி அலசிக் கொடுக்கப் போனாள். சீழும் புளித்த பாலும் கலந்த வாடை வாளித் தண்ணீரிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு பிழிந்தாள். புஷ்பவள்ளி தடவித் தடவி அவள் கையைப் பிடித்து, "நீங்க இல்லாட்டி நான் என்னக்கா செய்வேன்," என்றபோது அடக்க முடியவில்லை. வெளியே ஓடி, சாக்கடையோரம் குந்தி, குடித்த கஞ்சியை எல்லாம் வாந்தி எடுத்தாள். துணியின் நாற்றத்தை அவளால் தாங்க முடிந்தது. அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் நேரே கங்காணியிடம் போனாள். அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கட்டைகளைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இது அம்மை, மாரியம்மா விளையாடுகிறாள், வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினால் இறங்கிவிடும் என்றார். அம்மை கண்ட உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்றும் எல்லாரிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து கொடுக்கிற டிரெசர் என்ன ஏது என்று கேட்பார் என்பது அங்கம்மாவுக்குப் புரிந்தது. தாடையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்து சாமியின் பெயரைச் சொன்ன அந்த வாயைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதற்கும் அவள் "சரிங்கய்யா" என்றே சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை முற்பகல், கோயில் முன்னால் கல் கூட்டி அண்டா ஏற்றினார்கள். கண் தெரியாதவர்களைக் கைபிடித்து அழைத்து வந்து வேப்பிலைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கங்காணி நெற்றி நிறைய விபூதியோடு புகை எட்டாத பக்கமாய் நின்றார். கூழ் கிண்டும் பொறுப்பு அங்கம்மாவுக்கு. அண்டாவின் அடியில் யாரோ சிவப்புக் கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். நல்ல காரியத்துக்கு நல்ல விறகு என்று நினைத்திருப்பார்கள். புகை கிளம்பி, நோயாளிகள் உட்கார்ந்திருந்த பக்கமே போய்ப் படிந்தது. குழந்தை இருமியது.

அங்கம்மா துடுப்பைப் போட்டாள். எரிகிற கட்டையை வெறுங்கையால் இழுத்து மண்ணில் எறிந்தாள். இன்னொன்றையும் இழுத்தாள். ஒருத்தி அவளுக்குச் சாமி வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமியும் இல்ல, அம்மையும் இல்ல. இந்தக் கட்டைதான். இது ரெங்காஸ் மரம், இத எரிக்கக் கூடாதுன்னு வெட்டுக்காரர் சொன்னாரு. கங்காணி ஐயாவுக்குத் தெரியும்."

வீரமுத்து கோபப்படவில்லை. சிரித்தார். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். வெட்டுக்காரர்கள் வேலை முடிந்து எங்கோ போய்விட்டார்கள், யாரைக் கேட்பது என்றார்.

"யாரையும் கேக்க வேணாங்கய்யா. நல்ல கட்டைதானே? உங்க வீட்டு அடுப்புல ஒண்ணு வைங்க. நாங்க வாசல்ல நின்னு பாக்கறோம்."

அவள் ஒரு சிவப்புக் கட்டையைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள். வாங்கிக்கொள்ளத்தான் அவரும் நினைத்தார் போலிருக்கிறது. ஆனால் கை வரவில்லை. இரண்டடி பின்னால் போய், வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டார், சாணியிலிருந்து காப்பாற்றிக்கொள்வதைப் போல. கூட்டம் முழுதும் அதைப் பார்த்தது. கங்காணி வீட்டுக்கு ஒரு சிவப்புக் கட்டைகூடப் போகவில்லை என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்காக நினைவுக்கு வந்தது. ஐயாசாமி காறித் துப்பினான். எச்சில் அவர் காலருகே விழுந்தது. அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

புஷ்பவள்ளி வேப்பிலைப் பக்கத்திலிருந்து எழுந்தாள். வீங்கிய இமைகளுக்கிடையில் நகக்கீறல் அளவுக்குக் கண் தெரிந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மொதல்லயே தெரியும்."

"சுமக்கும்போதே?"

"ஆமா."

புஷ்பவள்ளி, மூன்று நாளாக அங்கம்மா அலசிக் கொடுத்த மேல்துணியைக் கழற்றி, குழந்தையைப் புருஷன் துண்டில் சுற்றிக்கொண்டு, துணியைத் தரையில் விட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கே பதினோரு வீட்டாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் அங்கம்மா ஆபீசுக்குப் போய் துரையிடம் எல்லாவற்றையும் சொல்ல நின்றாள். கையில் தீக்காயத்துக்கு வாழைப்பட்டை கட்டியிருந்தாள். ஒருத்தி பேச்சை வைத்து துரையைத் தொந்தரவு செய்ய முடியாது என்று ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி தடுத்தார். அப்போது புஷ்பவள்ளி குழந்தையோடு படியேறி வந்து முக்காட்டை விலக்கினாள். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

துரை வெளியே வந்து பார்த்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கட்டைகளைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். வீரமுத்துவைக் கங்காணி வேலையிலிருந்து எடுக்கவில்லை. வேறு டிவிஷனுக்கு மாற்றினார், அவ்வளவுதான். அங்கேயும் அவருக்கு வணக்கம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் புஷ்பவள்ளி நாலடி முன்னால் நடந்தாள். பால் கொட்டகைத் திருப்பத்தில் நின்றாள்.

"கட்டை போவணும்னு வந்தேன். உனக்காக வரல."

"தெரியும்," என்றாள் அங்கம்மா.

குழந்தைக்கு மூன்று வாரத்தில் புதுத் தோல் வந்தது. தாய்க்குக் கழுத்தில் கறுப்பு நிற்கத்தான் செய்தது. மற்றப் பெண்கள் மெல்ல மெல்ல அங்கம்மாவோடு பேசத் தொடங்கினார்கள். கங்காணியை வாயடைக்க வைத்தவள் என்று சிலர் பெருமையாகக்கூடச் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர்களைத் தடுத்து, முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொல்வாள். சிலர் பழசை விடு என்பார்கள். சிலர் தங்கள் குழந்தைகளை அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வார்கள். அவர்களைத்தான் அவளுக்குப் பிடித்தது.