தரைக்கு அடியில் ஒரு கழிப்பறை

சுற்றுவட்டாரத்துக்கே முதல் உயர்நிலைப் பள்ளி அது. அதன் சுவர்களுக்குச் செங்கல் சுமந்தவள் கொத்தனாரின் மனைவி. எட்டாம் வகுப்பு முடித்த மகளை ஒன்பதில் சேர்க்க முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"பொம்பளப் பிள்ளைங்கள அடுத்த வருஷம் பாக்கலாம்மா," என்றார் தலைமையாசிரியர். "தனிக் கழிப்பறை இல்லாம சேக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

"இல்லையா? பின்பக்கம் கட்டுனோமே சார்! கல்லு சுமந்ததே நாந்தானே!"

அவர் மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டினார்.

மகளை அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனாள். புதுக் கதவு. அதன்மேல் 'பள்ளிக் கட்டடக் கமிட்டித் தலைவர் அறை' என்று பலகை. உள்ளே மின்விசிறி, மெத்தை வைத்த நாற்காலி, வழவழவென்று சிமெண்டுத் தரை. அந்த வழவழப்பு யார் கைவேலை என்று அவளுக்கா தெரியாது? போன மாதம் அவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது நடந்த கூத்து. விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

கொத்தனார் வெளிச்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கழிப்பறைக் குழிய மூடித் தரை போட்டது யாரு?"

கரண்டி நின்றது. "தலைவர் சொன்னாரு. கூலிக்காரன் என்னத்தச் சொல்ல?"

"பெத்த பொண்ணு படிப்பு மேல சிமெண்டப் பூசிட்டு வந்து எங்கையால சோறு வாங்கித் தின்னீங்களே, தொண்டைல இறங்குச்சா?"

"கத்தாதடி, நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும்!"

"அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் உங்கம்மா மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க. தெரியாதா எனக்கு?" கடப்பாரையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நீங்க மூடுனத நீங்களே தொறங்க. இல்லன்னா நான் தொறக்குறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கடப்பாரையோடு தலைவர் அறைக்கு நடந்தார்.

மூன்றாவது குத்தில் தரை பிளந்தது. கமிட்டித் தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், பைத்தியமா உனக்கு? இது என் ரூம்யா!"

"அடியில எம்பொண்ணு ரூம் இருக்கு," என்றாள் அவள். "கழிப்பறைன்னு கணக்கு சொல்லித்தானே ஊர்ல வசூல் பண்ணீங்க? உங்களுக்கு மெத்தை, எம்பொண்ணுக்கு அடுத்த வருஷமா?"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க!" என்று கத்தினார் தலைவர். தலைமையாசிரியர் பெயர்ந்த சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலிய என் ரூம்ல போட்டுக்கலாம் சார்," என்றார் கடைசியில். பிறகு அவளிடம், "வேலை முடிஞ்சதும் பொண்ணக் கூட்டிட்டு வாம்மா."

"முடிஞ்சதும் இல்ல. இப்பவே பேர எழுதுங்க. உங்க வாசல்லதான் நிக்கிறா."

தலைமையாசிரியர் பேரை எழுதப் போனார். கொத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடு," என்றார்.

"மொதல்ல நீங்க மூடுன குழாய் தெரியட்டும்," என்றாள். "அப்புறம் குடிக்கலாம்."