முதலில் வாய் திறப்பவர்

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில் என்றுதான் கார்லாவுக்கு நினைவு. மேகமூட்டமாக இருந்தது என்று அவளுடைய அம்மா சொல்வாள், அம்மா அங்கே வரவேயில்லை என்றாலும். அப்பா போட்டிருந்தது நீலச் சட்டையா சாம்பல் நிறச் சட்டையா என்பதில்கூட கார்லாவுக்கு உறுதியில்லை. நினைவு எந்த இடத்தில் உள்ளபடி நிற்கிறது, எந்த இடத்தில் தனக்குச் சாதகமாக வளைந்துகொண்டது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஒன்று மட்டும் வளையவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்பதில்தான் சந்தேகம்.

அப்பா சரளைத் தரையில் முழங்காலிட்டு, காரின் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னக் காந்தத்தை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒஹையோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பத்து வருடம் ஓடிய கார் என்றால் அடிப்பக்கம் அரித்துப்போயிருக்கும். அரித்த இடத்தைப் பூச்சு வைத்து அடைத்து, மேலே வண்ணம் அடித்து விற்பவர்கள் உண்டு. இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். பூச்சில் ஒட்டாது.

"ஒட்டுதா?" என்றாள் கார்லா, உதட்டை அசைக்காமல்.

"ஒட்டுது. பல்லைக் காட்டாத."

சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையோடு படுத்துக்கிடக்கும் முகம். ஒரு பித்தானை அழுத்தினால் முன்விளக்குகள் தூங்கி எழுந்ததுபோல் மேலே வரும். பதினாறு வயது கார்லா மூன்று வாரமாக உள்ளூர்ப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தை மடித்து மடித்துக் கிழித்திருந்தாள். அவளுக்கு அம்மா பார்த்து வைத்திருந்தது அத்தையின் பழுப்பு நிற ஸ்டேஷன் வேகன், பின்பக்கம் நீண்ட குடும்பக் கார். சிவப்புக் காரின் படத்தைப் பார்த்ததும் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது காரில்ல. சக்கரம் வெச்ச சவப்பெட்டி. அதுல போய் இவ மரத்துல மோதினா, வெர்னன், நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்."

"மார்லீன், நம்ம ஊர்ல மோதுறதுக்கு மரமே இல்ல. சோளம்தான் இருக்கு."

அந்த வீட்டில் சாவைப் பற்றிய பயம் முழுக்க கார்லாவின் பக்கமே திரும்பியிருந்தது. நாற்பத்தெட்டு வயது வெர்னன் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அன்று காலை அவர் நெஞ்சு கரிக்கிறது என்று புளிப்பை அடக்கும் சுண்ணாம்பு மாத்திரை இரண்டை மென்றார். முந்தின நாள் தின்ற தொத்திறைச்சி என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

வரும் வழியில், டிரக்கை ஓட்டிக்கொண்டே அப்பா அவளுக்குப் பாடம் நடத்தினார். அவர் இரும்பு வார்க்கும் ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். வாழ்க்கையில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம்.

"கேட்டுக்க, டிரைவரம்மா. காரைத் தடவாத. சிரிக்காத. ஓட்டிப் பாத்துட்டு வந்ததும் நான் ஒரு விலை சொல்வேன். அந்தாளு முடியாதும்பான். நான் 'சரிப்படாது'ன்னுட்டு நேரா டிரக்ல போய் உக்காந்துடுவேன். நீ அங்கயே நில்லு."

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. கேக்கு கீழ விழுந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்க. வயசானவங்களுக்கு அது தாங்காது. ஆனா ஒண்ணு, என்ன ஆனாலும் என் பக்கம் திரும்பிப் பாக்காத. திரும்பினா இது ஏற்பாடுன்னு கண்டுபிடிச்சிடுவான். முதல்ல வாய் திறக்கிறவன் தோத்தான், அவ்ளோதான்."

"அவர் வாயே திறக்கலேன்னா?"

"திறப்பான். எல்லாரும் திறப்பாங்க."

காரை விற்கிறவர் டெல்பர்ட். எழுபது வயது, ஒரு முழங்கால் மடங்காது. கார் அவருடைய மகனுடையது; மகன் அரிசோனாவில் வேலைக்குப் போய்த் திரும்பி வருவதாக இல்லை. களஞ்சியத்தின் வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, பல்குச்சியைக் கடித்துக்கொண்டு, உள்ளே ரேடியோவில் அமெரிக்கக் கால்பந்தாட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். சாவியைத் தூக்கிப் போட்டார்.

"மூணாவது கியர் கொஞ்சம் பிகு பண்ணும், பாப்பா. கெஞ்சினா விழுந்துடும்."

கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே நேராகப் போன சாலையில் கார்லா மூன்றாவது கியரைப் போட்டபோது கார் அவளுக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட்டதுபோல் பாய்ந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா ஒரு கையால் கதவின் பிடியை இறுக்கியிருந்தார். இன்னொரு கை சட்டைப்பைக்கு மேலே இருந்தது. நெற்றியில் வியர்வை.

"பயமா இருக்கா, அப்பா?"

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

அவள் வேகத்தைக் குறைத்தாள். தான் அவரைப் பயமுறுத்திவிட்டதாக நினைத்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் அப்பா காரின் கூரையில் கையூன்றிச் சிறிது நேரம் நின்றார். பிறகு விலையைச் சொன்னார். டெல்பர்ட் பல்குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினார்.

"அந்த விலைக்கு நாலு டயரும் ஒரு கண்ணாடியும் தரேன், எடுத்துட்டுப் போங்க."

அப்பா பதிலுக்கு ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று கார்லா காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. முகம் ஈரக் காகிதம்போல் இருந்தது. "இல்ல," என்றார். குரல் மெலிந்திருந்தது. "சரிப்படாது."

எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று கார்லாவுக்கு வியப்பாக இருந்தது.

அவர் டிரக்கை நோக்கி நடந்தார். முப்பது முப்பத்தைந்து அடி. சரளையில் காலடிச் சத்தம் மெதுவாகப் போயிற்று. கதவு திறந்தது. சாத்தியது. அவள் காரின் முகப்பைப் பார்த்தபடி நின்றாள். கேக்கு கீழே விழுந்த முகம்.

டெல்பர்ட் எதுவும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

ரேடியோவில் யாரோ பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நாற்பது கஜம் ஓடினார்கள். கூட்டம் கத்தியது. பிறகு மாட்டுத்தீவன விளம்பரம். பிறகு ஒரு வங்கி. ஈ ஒன்று காரின் கண்ணாடியில் ஏறி வழுக்கி மறுபடி ஏறியது. பின்கழுத்தில் அப்பாவின் பார்வை படுவதை அவள் உணர்ந்தாள். நிச்சயமாக உணர்ந்தாள், அதுதான் பின்னாளில் அவளால் தாங்க முடியாமல் போனது. தலையைத் திருப்பவேண்டும்போல் ஒருமுறை கழுத்து தானாக அசைந்தது. அவள் அடக்கிக்கொண்டாள். டெல்பர்ட் அவளைக் கவனித்துவிட்டுப் பார்வையை வயல்பக்கம் கொண்டுபோனார். விளையாட்டு மறுபடி தொடங்கியது. இன்னொரு அணியின் கைக்குப் பந்து மாறியது.

"உங்கப்பா கல்லுளிமங்கன்," என்றார் டெல்பர்ட் கடைசியில்.

அவள் மூச்சு விடவில்லை.

"சரி, பாப்பா. ஜெயிச்சுட்டீங்க. அவர் சொன்ன விலைக்கே எடுத்துக்கங்க. போ, கூட்டிட்டு வா அந்த மனுஷனை."

அப்போதுதான் கார்லா திரும்பினாள். சிரித்துக்கொண்டே ஓடினாள். பாதி தூரத்திலேயே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். அப்பாவின் தொப்பி முன்னால் சரிந்து முகத்தை மறைத்திருந்தது. நடிப்பை இன்னும் விடவில்லை என்று நினைத்து, கதவைத் திறந்து, "அப்பா, வாயைத் திறந்துட்டார்!" என்றாள்.

*

டெல்பர்ட் மடங்காத காலை நீட்டிக்கொண்டு சரளையில் உட்கார்ந்து அப்பாவின் நெஞ்சை அழுத்தினார். கார்லா அவர் வீட்டு அடுப்படித் தொலைபேசியில் யாருக்கோ முகவரி சொன்னாள். தன் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டு, பிறகு மாற்றிச் சொன்னாள். தன்னார்வலர்களின் ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதில் வந்தவர்களில் ஒருவர் கார்லாவின் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்.

மருத்துவமனையில் சுவரோரம் வரிசையாக ஆரஞ்சு நிற நாற்காலிகள். அம்மா தான் வேலை பார்க்கும் பேக்கரியில் கட்டியிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தாள். அவளைக் கண்டதும் கார்லா தரையைப் பார்த்தாள். அப்பா போய்விட்டார் என்பது இன்னும் அவளுக்குள் இறங்கவில்லை. இறங்கியிருந்தது வேறொன்று.

இளம் டாக்டர் ஒருவர் எழுதும் அட்டையோடு வந்தார். முதலில் அம்மாவிடம் சொல்லவேண்டியதைச் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து அவர் கார்லாவிடம் திரும்பினார்.

"நீதானேம்மா கூட இருந்தே? அவர் நினைவு தப்பி எவ்வளவு நேரத்துல நீங்க பாத்தீங்க?"

ஆரஞ்சு நாற்காலியின் ஓரத்தில் டெல்பர்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உடனே," என்றாள் கார்லா.

"உடனேன்னா?"

"ஒரு நிமிஷம். அவர் போய் உக்காந்தார். உடனே பாத்தோம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். டெல்பர்ட் தொப்பியின் உட்புறத்தைப் பார்த்தார், அங்கே ஏதோ அச்சடித்திருப்பதுபோல.

"உடனே பாத்தும் சில சமயம் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் டாக்டர் அம்மாவிடம், மிகவும் அன்பாக.

அதற்குப் பிறகான இரண்டு நாட்களில் கார்லாவுக்குப் பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தொலைபேசி மணி அடித்தால் அம்மாவை முந்திக்கொண்டு எடுத்தாள். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் மாடிப்படியில் பாதிவரை ஓடி நின்று, யார் குரல் என்று கேட்டாள். அந்தக் கிழவர் வருவார். வந்து அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்: நாங்க ரெண்டு பேரும் அங்கயே நின்னுட்டிருந்தோம், அவர் தனியா உள்ள இருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லமாட்டார். துக்கம் கேட்க வந்த இடத்தில், பேச்சுவாக்கில் சொல்வார். அப்போது அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்பதை கார்லா மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சவ மண்டபத்தில் பெட்டி திறந்திருந்தது. அப்பாவுக்குத் தலையை வேறு பக்கம் வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். அம்மாவும் கார்லாவும் பெட்டியருகே நிற்க, ஊர் வரிசையில் வந்து கைகொடுத்தது. வரிசையின் நடுவில் டெல்பர்ட் தெரிந்தார். கோட்டு அவர் உடம்புக்குப் பெரியதாக இருந்தது. அவருக்கு முன்னால் பதினொரு பேர். கார்லா எண்ணினாள். ஏழு. நான்கு.

"உங்க பொண்ணு உடனே ஓடினாம்மா," என்றார் டெல்பர்ட், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒரு நொடி தாமதிக்கல. அதை நீங்க தெரிஞ்சுக்கணும்."

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அம்மா. அன்று முதல்முறையாக அவளுடைய தோள் தளர்ந்தது.

அவர் அடுத்ததாக கார்லாவிடம் வந்தார். கையை நீட்டவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "நான் முன்னாடியே பேசியிருக்கணும், பாப்பா," என்றார். "எனக்கும் தோத்துடக்கூடாதுன்னு இருந்துச்சு."

அவர் பெட்டியின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.

தப்பித்துவிட்டோம் என்றுதான் அவள் அன்றிரவு படுத்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நீள மேசைகளில் காகித விரிப்பு, பன்றியிறைச்சித் துண்டுகள், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பச்சை நிறத்தில் ஆடும் ஜெல்லி. பேச்சு மெல்ல மெல்லச் சத்தமாகிக்கொண்டிருந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், அவர் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஷூவைப் பாதி விலைக்குக் கேட்டு, ஷூ லேஸைத் தனியாக இனாம் வாங்கிய கதை. அம்மா உட்காராமல் கரண்டியோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"அது என்ன பெருசு? எங்களுக்குக் கல்யாணமான புதுசுல வாஷிங் மெஷின் வாங்கப் போனோம், அதைக் கேளுங்க," என்றாள். "கடைக்காரன் விலையைக் குறைக்க மாட்டேங்கிறான். இந்த மனுஷன் என் காதுல சொல்றார், 'நான் போய் வண்டியில உக்காந்துக்கறேன், நீ மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு இங்கயே நில்லு, என்ன ஆனாலும் திரும்பிப் பாக்காத.' போயிட்டார்!"

அத்தை மேசையைத் தட்டிச் சிரித்தாள். "வெர்னனே தான்!"

"நான் நிக்கிறேன், நிக்கிறேன், கால் கடுக்குது. ஆறு மாசம் வேற. கடைக்காரன் ஒரு வார்த்தை பேசணுமே? அவன் என்னைப் பாக்கிறான், நான் மெஷினைப் பாக்கிறேன். கால் மணி நேரம் ஆச்சு. நான் திரும்பணுமே? திரும்பவே இல்ல. அங்க வண்டிக்குள்ள இவர் பாட்டுக்கு..."

கரண்டி பாத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றது.

எல்லோரும் சிரிக்கத் தயாரான முகத்தோடு காத்திருந்தார்கள். அம்மா எதையும் பார்க்கவில்லை. பிறகு அவள் தலை மெதுவாகத் திரும்பியது; மேசைகளையும் தலைகளையும் கடந்து, சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த கார்லாவிடம் வந்து நின்றது. கார்லா பார்வையை விலக்கப் பார்த்தாள். முடியவில்லை. எவ்வளவு நேரம் இருவரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இருவருமே வாய் திறக்கவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு, மார்லீன்?" என்றாள் அத்தை.

"என்ன ஆகும். வாங்கிட்டு வந்தோம்."

அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் வந்தாள். கார்லாவின் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள். இன்னொரு கரண்டி வைத்தாள்.

"சாப்பிடு," என்றாள். "ஆறிடும்."

டெல்பர்ட் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து இறந்தார். அடக்கத்துக்கு கார்லாவின் அம்மா போனாள், கார்லா போகவில்லை. சிவப்புக் காரை லைமா ஊரிலிருந்து வந்த ஒரு நர்ஸ் வாங்கிப்போனாள். பள்ளி முடியும்வரை கார்லா ஓட்டியது அத்தையின் ஸ்டேஷன் வேகன். அம்மா அதே வீட்டில் இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்து, நுரையீரல் நோயில் போனாள். அந்தச் சனிக்கிழமை அங்கே என்ன நடந்தது என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை, கார்லாவும் எதுவும் சொல்லவில்லை. கார்லா இப்போது டொலிடோவில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள். திருமணமாகி இரண்டு பிள்ளைகள். வீடு வாங்கினாலும் சோபா வாங்கினாலும் விற்கிறவர் ஒரு விலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் சரி என்றுவிடுவாள். "கொஞ்சம் பேசிப் பாத்திருக்கலாமே," என்று கணவன் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து முணுமுணுப்பான். அவள் அதற்குள் கையெழுத்துப் போட்டுக் காசோலையைப் புத்தகத்திலிருந்து கிழித்து நீட்டிக்கொண்டிருப்பாள்.