ஏழாம் வரிசையின் தூங்காத இயந்திரம்

தேவையில்லாமல் ஒரு விளக்கு எரிந்தால் எனக்கு வயிறு எரியும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் வேலை பார்ப்பது ஒரு டேட்டா சென்டரில். மொத்தம் மூன்று ஹால்கள்; என் பொறுப்பில் இருக்கும் ஹாலுக்குள் மட்டும் அறுநூறு சர்வர்கள், இரவும் பகலும் ஓடுகின்றன. நாங்கள் இழுக்கும் மின்சாரத்தில் பாதி அவை வேலை செய்ய, மீதி அவை கக்கும் சூட்டை வெளியே தள்ள. அத்தனையும் நிலக்கரியை எரித்து வருகிற மின்சாரம்.

புதிதாக இன்னொரு ஹால் கட்டப் போகிறார்கள். அதற்கு நான் வரைந்த திட்டத்தில் ராட்சத ஏ.சி. கிடையாது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விட்டு, சூட்டைத் தனிக் குழாயில் மேலே அனுப்பும் அமைப்பு. இரண்டு வருடம் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மேலாளரோ குளிர்தான் பாதுகாப்பு என்று நம்புகிறவர். ஹாலுக்குள் மஃப்ளர் சுற்றாமல் வந்ததே இல்லை, அதனால் பட்டப்பெயரே மஃப்ளர்தான்.

"வரைபடம் அழகாத்தான் இருக்கு. முதல்ல இப்ப இருக்குற உங்க ஹால்ல கரண்ட்டை இருபது சதவீதம் குறைச்சுக் காட்டுங்க. ஒரு மாசம் டைம். முடியலன்னா எப்பவும் போல நாலு பெரிய ஏ.சி.க்கு ஆர்டர் போட்டுடுவேன்" என்றார்.

மூன்று வாரத்தில் பதினாறு சதவீதம் குறைத்துவிட்டேன். சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்குகளில் காலியாக இருந்த இடங்களைத் தகடு வைத்து மூடினேன். குளிர்ந்த காற்று வரும் பாதைக்கும் சூடான காற்று போகும் பாதைக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டேன். பதினெட்டு டிகிரியில் இருந்த ஹாலை இருபத்தைந்துக்குக் கொண்டு வந்தேன். மஃப்ளருக்குத்தான் வியர்த்தது, சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீதி நாலு சதவீதம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் சர்வர்கள் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணயர வேண்டும். அதற்கான அமைப்பு எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறது, நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆனால் ஒன்றுகூடத் தூங்கவில்லை. வேலையும் செய்யாமல், தூங்கவும் தூங்காமல், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு மின்சாரம் தின்றன. ஏன்? இப்படி ஒரு 'ஏன்' மண்டைக்குள் நுழைந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தினமும் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்வது என் வழக்கம். என் கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில்தான் தூங்குவார்.

"தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன். இப்பதான் எழுப்பிவிட்டுட்டாங்க."

"யாரு?"

"பேர் சொல்ல மாட்டேன். வீட்டுல சண்டை வரும்."

எங்கள் ஹாலின் சாவிக்கொத்து ஒருவரிடம்தான் இருக்கும். அவரைச் சாவி அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். ஏழாம் வரிசையின் அடித்தட்டில் பெயர்ச்சீட்டு இல்லாத பழைய சர்வர் ஒன்று இருந்தது. ஹாலே சும்மா இருக்கிற நேரத்தில் அதன் பச்சை விளக்கு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?"

"அதுல மட்டும் கை வைக்காதீங்க மேடம். ரொம்ப முக்கியமான மெஷினாம். எனக்கு முன்னாடி இருந்தவரு சொல்லிட்டுப் போனாரு."

"என்ன முக்கியம்?"

"அதை அவர் சொல்லல. அவருக்கு முன்னாடி இருந்தவரும் சொல்லலையாம்."

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. அலறல் பரிசோதனை என்போம். யாருடையது என்று தெரியாத இயந்திரத்தின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். யார் அலறிக்கொண்டு வருகிறாரோ, அவருடையது. அது போதாதென்று நான் ஒரு நோட்டீஸும் எழுதி ஒட்டினேன்: 'இந்த இயந்திரத்தின் சொந்தக்காரர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, இது ஏன் ஓடுகிறது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.' கீழே என் கையெழுத்து.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பிடுங்கினேன். பதினொன்று ஆகியும் ஒருவரும் அலறவில்லை. சாவி அண்ணன் மட்டும் சுவரில் இருக்கும் மின் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இது இறங்குது."

"ஒரு மெஷின் போச்சுல்ல, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

"மெஷினை நாம நிறுத்தவே இல்லையே. கேபிளைத்தானே பிடுங்கினோம்."

அட, ஆமாம். கேபிளைத் திரும்பச் செருகினேன், கொஞ்ச நேரத்தில் மீட்டர் ஏறியது. பிடுங்கினேன், இறங்கியது. ஸ்விட்சைக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி மூன்று தடவை செய்து பார்த்தேன். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு திரையையும் கீபோர்டையும் இழுத்து வந்து மாட்டி, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தேன்.

ஒரே ஒரு புரோகிராம்தான். ஹாலில் இருக்கும் ஒவ்வொரு சர்வரையும் நொடிக்கு இருபது தடவை 'இருக்கிறாயா?' என்று கேட்கிறது. ஒவ்வொன்றும் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு விழித்திருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். எந்த அறிவாளி இதை எழுதியது என்று முதல் வரிக்குப் போனேன். 'யாரும் நிறுத்த வேண்டாம். ரொம்ப முக்கியம்' என்று இருந்தது. பக்கத்தில் ஓர் ஊழியர் எண். என் எண்.

ஒன்பது வருடத்துக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சர்வர் சத்தமில்லாமல் செத்துப்போனது. அரை நாள் கழித்துத்தான் கவனித்தேன். அன்று வாங்கிய திட்டில் பயந்துபோய் ஒரே மூச்சில் எழுதியது இது. ஒரு வாரம் மட்டும் ஓடட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் மேல்மாடியில் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள், சுத்தமாக மறந்துபோனேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"நோட்டீஸைக் கிழிச்சிடட்டுமா மேடம்? யாரும் வரலன்னு சொல்லிடலாம்" என்றார் சாவி அண்ணன்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் மஃப்ளர் அந்தக் குறைவைக் கணக்கில் எடுக்காமல் போகலாம், என் வரைபடம் அலமாரிக்குள் போகலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு வராது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை மீட்டர் இருபத்தொரு சதவீதம் குறைந்திருந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று நோட்டீஸை வாசித்தேன், என் கையெழுத்து உட்பட. பிறகு அந்த இயந்திரம் ஏன் ஓடியது என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

"உங்க தப்பை நீங்க திருத்தினதை நான் ஏன் சேமிப்புன்னு எடுத்துக்கணும்?" என்றார் மஃப்ளர்.

"வேணாம்னா விட்டுடுங்க சார். ஆனா அவ்வளவு கரி இனிமே எரியாது. அது யார் தப்புன்னு புகைக்குத் தெரியாது."

அவர் மஃப்ளரின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இந்த மாதிரி 'ரொம்ப முக்கியமான' மெஷின் மத்த ரெண்டு ஹால்ல எத்தனை இருக்கும்?"

"தெரியல சார். எனக்கும் அதான் அரிக்குது."

"கண்டுபிடிங்க. புது ஹால்ல பேரும் முடிவுத் தேதியும் ஒட்டாம ஒரு மெஷினும் உள்ள வரக்கூடாது." என் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் போனை எடுத்தேன். என் கணவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். மணி ஒன்று. விரலை வைக்கப் போகும்போது அந்தப் பச்சை விளக்கு நினைவுக்கு வந்தது. பாவம், தூங்கட்டும் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார், பதறிப்போய்.

"என்னாச்சு? ஏன் இன்னைக்குப் போன் பண்ணல? ஒரு மணியிலேர்ந்து முழிச்சுக்கிட்டே கிடக்கேன்."