தூளிக்குள் தண்ணீர்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் கண்ணாடிக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்து, சட்டத்துக்குப் பொருந்தும்படி லென்ஸின் ஓரம் தேய்த்துக் கொடுப்பவள். முடி அளவு பிசகினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. அவள் தேய்த்தது உட்காராமல் போனதே இல்லை. அந்தக் கவனத்தை நம்பித்தான் தங்கை அவளைக் காட்டுக்குக் கூப்பிட்டாள்.

தங்கை கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் தவளை டீச்சர். மலைக்காட்டு ஓடை ஒன்றில், மழைக்காலத்தில் ஆறேழு வாரம் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகும் ஒரு சின்னஞ்சிறு தவளையைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதன் முதுகில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். ஒன்றின் புள்ளிகள் போல இன்னொன்றுக்கு இருக்காது. போட்டோ எடுத்தால் ஈர முதுகு பளபளத்து நிறம் ஏமாற்றிவிடும் என்று, ஒவ்வொரு தவளையையும் டப்பாவில் பிடித்து வந்து, நோட்டில் பென்சிலால் வரைந்து, வர்ணம் தீட்டி, எண் போட்டுவிட்டு, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவாள். போன வருடம் பார்த்த தவளை இந்த வருடமும் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடத்து நோட்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அது மூன்றாவது வருடம், கடைசி வாரம். எப்போதும் கூடப் போகும் சக ஆசிரியைக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

"நாலே நாள்தான் அக்கா. நான் ஓடைக்குப் போற நேரம் நீ சாமானைப் பாத்துக்கிட்டா போதும்."

"படுக்கிறது எங்கடி?"

"ரெண்டு மரத்துக்கு நடுவுல தூளி கட்டிக்கலாம். கீழ பூரா சேறும் அட்டையும். கூடாரம் சரிப்படாது."

"நாப்பத்தாறு வயசுல என்னைத் தூளியில போட்டுத் தாலாட்டப் போறியா?"

"பாடத் தெரியாது. ஆட்டி விடறேன், வா."

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார்கள். அக்கா வீட்டுக் கம்பளியை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, "இதுக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும் போலிருக்கே" என்று தங்கை கேலி செய்தாள். காட்டில் கம்பளி ஒரு தடவை நனைந்தால் திரும்பக் காயாது, விட்டுவிட்டு வா என்றும் சொன்னாள். அக்கா கேட்கவில்லை.

தங்கை இடம் தேர்ந்ததும் தூளிகளைக் கட்டியதும் பார்க்க அழகாக இருந்தது. காய்ந்த கிளை தலைக்கு மேல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மரத்தைத் தொட்டாள். தூளிக்கு மேலே தார்ப்பாயைத் தாழ்வாக இழுத்து, காற்று வரும் பக்கத்தை இன்னும் இறக்கி, நாலு மூலையையும் தரையில் முளையடித்துக் கட்டினாள். பிறகு தூளிக் கயிறுகளின் இரண்டு முனையிலும் பழைய துணிக் கிழிசல்களை முடிந்து தொங்கவிட்டாள்.

"இது என்ன, திருஷ்டிக்கா?"

"மரத்துல வழியற தண்ணி கயித்தைப் புடிச்சுக்கிட்டே வரும் அக்கா. இந்தத் துணிக்கு வந்ததும் அதுல இறங்கிக் கீழ சொட்டிடும். துணி இல்லன்னா நேரா தூளிக்குள்ளதான். மேல தார்ப்பாய் இருந்தும் பிரயோஜனமில்ல."

நோட்டுக்கு என்று ஒரு ரப்பர் பை இருந்தது. வாயை மூன்று மடிப்பு மடித்துக் கொக்கி போட்டுவிட்டால் ஆற்றில் விழுந்தாலும் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாது. "வரையற நேரம் தவிர நோட்டு இதை விட்டு வெளியே வரக்கூடாது" என்றாள் தங்கை. அவள் கண்டிப்பாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

முதல் இரண்டு நாளும் தூறல்தான். ஆனால் பனிமூட்டத்தில் கம்பளி ஈரம் குடித்துக் கனத்துப் போனது. அக்காவுக்குக் குளிரில் பல் கிட்டியது. தங்கையிடம் சொல்ல மனமில்லை. சொன்னால், நான் அப்பவே சொன்னேனே என்பாள்.

மூன்றாம் நாள் மதியம் நல்ல வெயில் அடித்தது. தங்கை டப்பாக்களோடு ஓடைக்கு இறங்கியதும் அக்கா கம்பளியைக் கிளையில் விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்கக் கட்ட ஏதாவது வேண்டும். தங்கையின் தூளிக் கயிற்றில் தொங்கிய கிழிசல்கள் கைக்கு எட்டின. அவிழ்த்துக் கட்டினாள். மூன்று மணிக்குக் கம்பளி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது சொந்த வீட்டுக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. இதை இனிமேல் நனைய விடக்கூடாது என்று நினைத்தாள். அதற்கு இருந்தது ஒரே ஒரு பை. கம்பளியைத் திணித்தால் நோட்டுக்கு இடமில்லை. நோட்டை எடுத்துத் தங்கையின் தூளியில் வைத்தாள். மேலேதான் தார்ப்பாய் இருக்கிறதே.

கிழிசல்களைக் கிளையிலிருந்து அவிழ்ப்பதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி உருண்டது. கீழே ஓடை வளைவில் தங்கையின் தலை தெரிந்தது. மேட்டில் பாதி ஏறி வந்து, வாயைக் குவித்துக் கத்தினாள்.

"அக்கா! நோட்டு பையிலதானே இருக்கு?"

அக்காவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இல்லை என்றால் ஏன் என்பாள். கம்பளிக்காக என்றால் சிரிப்பாள். இரண்டடி எடுத்து வைத்தால் நோட்டு. ஒரு நிமிடத்தில் மாற்றி வைத்துவிடலாம்.

"இருக்கு, இருக்கு! நீ வேலையைப் பாரு!"

தங்கை கையை ஆட்டிவிட்டுத் திரும்பி இறங்கினாள்.

அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. மழை கொட்டவில்லை, கவிழ்ந்தது. முதல் காற்றிலேயே தார்ப்பாயின் ஒரு மூலை முளையைப் பிடுங்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. அக்கா பாய்ந்து அதைப் பிடித்தாள். விட்டால் எல்லாம் போச்சு என்று, முழங்கால் சேற்றில் ஊன்றி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். உள்ளங்கை தோலுரிந்தது. மழை குறைந்தபோது அவள் மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தங்கை தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். "அடேயப்பா, தனி ஆளா தார்ப்பாயைக் காப்பாத்திட்டியே!" என்றவள் தன் தூளியைப் பார்த்தாள். அது நடுவில் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் வழியே இன்னும் ஒரு நூல் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. தங்கை தூளிக்குள் கையை விட்டாள். எடுத்தபோது நோட்டிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் வழிந்தது.

ரப்பர் பையைத் திறந்தாள். கம்பளி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

"பென்சில் கோடு நிக்கும் அக்கா. கலர்தான் போச்சு." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தோலுரிந்த கைக்கு மருந்து போட்டுவிட்டாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நோட்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். கடைப் பின்னறையில் ஏடு ஏடாக மையொற்றுத்தாள் வைத்துக் காயவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் உருப்பெருக்கிக்குக் கீழே பக்கத்தை வைத்துக்கொண்டு, புள்ளி எங்கே முடிந்தது, கறை எங்கே தொடங்கியது என்று தேடினாள். நூற்று நாற்பது தவளைகள். இரண்டு வாரம் கண்ணைப் பழுதாக்கி முப்பத்தொன்றை மீட்டுப் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். தங்கை வாங்கிப் படித்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கே அக்கா. ஆனா இதுல பாதி உன் யூகம். யூகத்தை நான் எழுத முடியாது."

அந்த வருடக் கணக்கு ஆராய்ச்சியில் சேரவில்லை. முடிய வேண்டிய வேலை அடுத்த மழைக்குத் தள்ளிப் போனது.

ஒரு நாள் மத்தியானம், கண்ணாடியின் காதுக்கம்பி ஒடிந்துவிட்டது என்று தங்கை கடைக்கு வந்தாள். பின்னறையில் இருவர் மட்டும். அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீ கேட்டப்போ நோட்டு பையில இல்லடி."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சும் ஏன்டி ஒண்ணும் கேக்கல? திட்டவாவது திட்டு."

தங்கை கண்ணாடி இல்லாத கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "நோட்டு நனையறது யாருக்கும் நடக்கும். எனக்கே முதல் வருஷம் நடந்திருக்கு. ஆனா நீ இருக்குன்னு சொன்னே, நான் திரும்பிப் போயிட்டேன். நாப்பது அடி தூரம்கூட இல்ல. இல்லன்னு சொல்லியிருந்தா ஓடி வந்து எடுத்து வச்சிருப்பேன். கம்பளியைப் பாத்துச் சிரிச்சிருப்பேன். வேற என்ன பண்ணியிருக்கப் போறேன்?"

அக்கா திருப்புளியை மறுபடி எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்து அவள் காதில் மாட்டிவிட்டாள். சரியாகத்தான் உட்கார்ந்தது.

அடுத்த மழைக்குக் கணுக்கால் குணமான சக ஆசிரியையே கூடப் போனாள். நோட்டு நிறைந்து திரும்பியது. ஆராய்ச்சி ஒரு வருடம் தாமதமாக முடிந்தது, கல்லூரியில் பாராட்டினார்கள். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். தங்கை இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள், சாப்பிடுகிறாள், பழையபடி கேலி பேசுகிறாள். கோபம் என்று எதுவும் கிடையாது.

போன மாதம் தங்கை புது வீட்டுக்கு மாறினாள். மாற்றுச் சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அக்கா வீடு நடக்கிற தூரம்தான். "அவங்க எந்நேரமும் வீட்டுலயே இருக்காங்க, அதான்" என்றாள் தங்கை, கேட்காமலே.

"ஆமாமா, அதுதான் சௌகரியம்" என்று சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள் அக்கா. குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு, ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.